மூலையை மறைத்த கை

சாப்பாட்டு மேஜையில் அன்று காலை தட்டு வைக்க இடமில்லை. கிரானைட், லேமினேட், மரம் என்று புதுச் சமையல் மேடைக்காகக் கடையிலிருந்து கொண்டுவந்த மாதிரித் துண்டுகள் மேஜை முழுக்கப் பரவிக் கிடந்தன. வீட்டின் மூத்த மகன் ஒரு துண்டின் மேல் டீ டம்ளரை வைத்து எடுத்துவிட்டு, அதன் வட்டக் கறை போகிறதா என்று விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். போகவில்லை. அந்த எரிச்சலும் மனைவி மேல்தான் திரும்பியது.

"நேரான பெட்டியா வாங்கியிருந்தா இந்தத் தலைவலியே இல்ல. வளைவா வேணும்னு இங்க யார் அழுதா?"

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். நெடுநெடுவென்று வளர்ந்தவள். கல்யாணமான புதிதில் கொழுந்தன் விளையாட்டாக 'ஏணி அண்ணி' என்று கூப்பிட, அந்தப் பெயர் வீட்டில் நிலைத்துவிட்டது. பெயர் வைத்தவன் குறும்புக்காரன்தான், ஆனால் தவறாக வைக்கவில்லை. அந்த வீட்டில் எல்லோரும் அவள் தோளில் கால் வைத்துத்தான் மேலே ஏறினார்கள். பழைய சமையல் மேடை மாமியாரின் குள்ள உருவத்துக்கு ஏற்பக் கட்டியது. அதில் குனிந்து குனிந்தே இவள் முதுகு தேய்ந்தது. சமையலறையைப் புதுப்பிக்கலாம் என்று பேச்சு வந்தபோது அவள் தனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்று. "மேடையைக் கொஞ்சம் உசத்திக் குடுங்க."

அப்புறம் கடைக்குப் போனவள், காட்சிக்கு வைத்திருந்து பாதி விலைக்குத் தள்ளிவிட்ட வளைந்த பெட்டிகளை, மேடைக்கு அடியில் வைப்பதற்காகத் தேர்ந்தெடுத்து வந்தாள். சமையலறை வாசலோரம் ஒன்று, மேடை திரும்பும் இடத்தில் ஒன்று. பெட்டி மலிவுதான். மேல்பலகையில்தான் வினை இருந்தது. கிரானைட்டை வளைவாக வெட்டினால் வீணாகும் கல்லுக்கும் சேர்த்துக் காசு, ஓரத்தைக் கையால் இழைக்கத் தனிக் கூலி. வீட்டில் எல்லோருமாகச் சேர்த்து ஒதுக்கிய பணம் அதற்குத் தாங்காது.

"அக்கா, கறுப்பு கிரானைட் போட்டா முகம் பாக்கலாம்க்கா," என்றாள் இளைய மருமகள். வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆசை எல்லாம் அப்படியே முகத்தில் தெரியும்.

"பளபளப்பு வேணாம்மா. வெளிர் நிறமா போட்டு, ஓரத்துல மட்டும் கறுப்புப் பட்டை வெச்சா போதும்," என்றாள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்த மூத்தவள்.

"ஸ்லேட்டுக்குச் சட்டம் போட்ட மாதிரி இருக்குமே அண்ணி. தினம் அதுல அ, ஆ எழுதிப் பழகலாம்," என்றான் கொழுந்தன். எல்லோரும் சிரித்தார்கள். மாமியாரும் சிரித்தாள். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள்.

ஏன் தாமதம் என்பது அந்த மேஜையில் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

மாமியாருக்குப் பக்கப் பார்வை போய்க்கொண்டிருந்தது. நேரே பார்த்தால் தெரியும், ஊசியில் நூல்கூடக் கோத்துவிடுவாள். பக்கவாட்டில் இருப்பது மட்டும் தெரியாது. பழைய மேடையின் கூர்மூலையில் இடித்து இடித்து இடுப்பெல்லாம் நீலம் பாரித்திருந்ததை, ஒருநாள் தைலம் தேய்த்துவிடப் போன மருமகள் பார்த்துவிட்டாள். வீட்டில் கடைக்குப் போவதாகச் சொல்லி மாமியாரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள். மருந்தை ஒழுங்காக விட்டு வந்தால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். திரும்பி வரும் வழியில் மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பசங்களுக்குத் தெரியக் கூடாதும்மா. தெரிஞ்சா என்னை நாற்காலியில உக்கார வெச்சிடுவானுங்க. சமையல்கட்டுதான் என் உசுரு... சத்தியம் பண்ணு."

பண்ணினாள். அன்றிலிருந்து தினமும் அந்தக் கண்ணில் சொட்டு மருந்து விடுவது இவள் வேலை. யாராவது கேட்டால், அத்தைக்குக் கண்ணில் தூசி. மேடையின் ஓரத்தைத் தடவியபடியே நடப்பவளுக்குக் கை நழுவாத வளைவு வேண்டும். ஓரம் எங்கே என்று காட்ட ஒரு கறுப்புக் கோடு வேண்டும். கடைக்காரரை ஆயிரம் கேள்வி கேட்டு இதையெல்லாம் கண்டுபிடித்தவளுக்கு, வீட்டில் கிடைத்த பட்டம் ஷோக்குக்காரி.

பகலில் கார்பென்டர் வந்தார். பெட்டிகளை அவர் ஏற்கெனவே பொருத்தியாகிவிட்டது, பலகைதான் பாக்கி. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு உள்ளதைச் சொன்னார்.

"சார், நல்ல மரமா போட்டா இந்தப் பணத்துல ரெண்டுல ஒண்ணுதான் முடியும். ஒண்ணு பலகையை வளைவா வெட்டலாம். இல்லேன்னா மேடை மொத்தத்தையும் உசத்தலாம். வளைவு வேணாம்னா, பெட்டி வளைஞ்சிருந்தாலும் மேல சதுரமாவே பலகை போட்டுடலாம். மூலை மட்டும் வெளிய நீட்டிட்டு நிக்கும்."

"அப்ப உசத்தவே வேணாங்க," என்றாள் அவள் உடனே. "வளைவாவே வெட்டச் சொல்லுங்க."

கணவன் அவளையே பார்த்தான்.

"இத்தனை வருஷம் முதுகு வலி முதுகு வலின்னு சொன்னியே, அதெல்லாம் பொய்யா?"

"பொய்யில்லைங்க..."

"அப்புறம் என்ன? வளைவு ஏன் வேணும்? ஒரு காரணம் சொல்லு, ஒண்ணே ஒண்ணு. கேட்டுக்கறேன்."

அவள் பார்வை உள்ளறைப் பக்கம் போய்த் திரும்பியது. "எனக்குப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

"கேட்டுக்குங்க எல்லாரும். நாம வயித்தைக் கட்டி வாயைக் கட்டிச் சேத்த காசு, இவளுக்குப் பிடிச்சிருக்காம்." அவன் குரல் உடைந்தது. நல்லவன்தான். நம்பினவளே ஏமாற்றுகிறாள் என்ற வருத்தம் அவனுக்கு. "நீங்க சதுரமாவே போடுங்க. பேச்சு முடிஞ்சுது."

கார்பென்டர் ஒரு ஒட்டுப்பலகையைக் கொண்டுவந்து, அளவு குறிப்பதற்காக வாசலோரப் பெட்டியின் மேல் வைத்தார். வளைவுக்கு வெளியே அதன் மூலை கத்தி முனையாக நீட்டிக்கொண்டு நின்றது.

சத்தம் கேட்டு மாமியார் உள்ளறையிலிருந்து வந்தாள். பெட்டி வந்த நாளிலிருந்து அந்த வளைவைக் கையால் பழகி வைத்திருந்தாள். அது தரும் தைரியத்தில் இப்போதெல்லாம் விறுவிறுவென்று நடக்கிறாள். அன்றும் அப்படித்தான் வந்தாள், மகன் முகத்தையே நேரே பார்த்தபடி.

'அத்தை, பாத்து' என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் பட்டப்பகலில், கண்ணெதிரே இருக்கும் பலகையைப் பார்த்து வா என்று சொன்னால், ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். சத்தியம் போய்விடும்.

வாயைத் திறக்கவில்லை அவள். எட்டி, அந்த மூலையைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். அடுத்த நொடி மாமியாரின் இடுப்பு முழு வேகத்தில் அவள் கைமேல் மோதியது. மூலை உள்ளங்கையில் இறங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டாளே தவிர, ஒரு முனகல் வெளியே வரவில்லை.

மாமியார் நின்றாள். கீழே தடவினாள். விரல்கள் தட்டுப்பட்டன.

"இது யார் கை?"

"ஒண்ணுமில்ல அத்தை... பலகை சரியாம இருக்கப் பிடிச்சிட்டிருந்தேன்."

மாமியார் அந்தக் கையை எடுத்தாள். அடியில் இருந்த கூர்மையைத் தொட்டுப் பார்த்தாள். மெதுவாக அந்த உள்ளங்கையைத் தன் முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள். நேரே பார்த்தால் அவளுக்குத் தெரியும். ரத்தம் தெரிந்தது.

"பெரியவனே, இங்க வா. இந்தப் பலகை இங்க இருந்தது எனக்குத் தெரியலடா."

"என்னம்மா சொல்றே, இவ்வளவு பெரிசா..."

"பக்கத்துல இருக்கற எதுவுமே தெரியல. ரொம்ப நாளா. இவளுக்கு மட்டும்தான் தெரியும். சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினது நான். அந்த வளைவு, நீங்க சிரிச்சீங்களே அந்தக் கறுப்புப் பட்டை, எல்லாம் எனக்காகடா. காலையில நானும் உங்களோட சேந்து சிரிச்சேனே... இப்பவும் உள்ள உக்காந்து நீ இவளைப் பேசினதையெல்லாம் கேட்டுட்டு வாயை மூடிட்டு இருந்தேன். என்னை மாதிரி ஒரு மாமியார் இருப்பாளா?"

இளையவள்தான் முதலில் அழுதாள். கணவன் மனைவியின் கையைக் குழாயடிக்கு இழுத்துப் போய் நீரில் பிடித்தான். வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா அன்னிக்கே அத்தையை நாற்காலியில உக்கார வெச்சிருப்பீங்க."

அவன் குழாயை மூடினான். தலையைக் குனிந்துகொண்டு, "தப்புப் பண்ணிட்டேன்," என்றான். அத்தனை பேர் முன்னால் அவன் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மாமியார் கார்பென்டர் பக்கம் திரும்பினாள். "தம்பி, வளைவு இருக்கணும். இவ நிக்கற பக்கம் மேடையும் உசரணும். வழி சொல்லுங்க."

"மொத்த மேடையும் வேணாம்மா. ஜன்னல் பக்கம் மட்டும் பெட்டிக்குக் காலை உசத்தலாம். வளைவுக்கு மட்டும் நல்ல மரம், நேரா இருக்கற இடமெல்லாம் சாதா லேமினேட். கிரானைட் மட்டும் கேக்காதீங்க."

எல்லோரும் இளையவளைப் பார்த்தார்கள். "எனக்கு முகம் பாக்கக் கண்ணாடி இருக்கு," என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

மேடை முடிந்த மறுநாள் காலை, ஏணி அண்ணி ஜன்னலோரம் நிமிர்ந்து நின்று காய் நறுக்கினாள். குனியாமல் நின்றால் ஜன்னலுக்கு வெளியே தெரு முழுக்கத் தெரிகிறது என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மாமியார் தாழ்ந்த பக்கத்தில் கீரை ஆய்ந்து முடித்துவிட்டு, ஒரு கை பாத்திரத்திலும் ஒரு கை கறுப்புப் பட்டையிலுமாக வந்தாள். கை வளைவில் வழுக்கித் திரும்பி, மேடை உயரும் இடத்தில் முட்டி நின்றது.

பழக்கதோஷத்தில் மருமகள் பாத்திரத்தை வாங்கக் குனிந்தாள்.

"நீ குனியாதே," என்றாள் மாமியார். குதிகால்களை உயர்த்தி, இரண்டு கைகளாலும் பாத்திரத்தைத் தூக்கி, மருமகளின் மேடைமேல் வைத்தாள்.