இறக்குமதிக் கிட்டார் கொல்லுமா?

“க்ளின்ட்…”

டெஸ்ஸின் அலறல் டாட்வைலர் கிட்டார் தொழிற்சாலையின் ஷோரூமைக் கிழித்தது.

மேடையில் மல்லாந்து கிடந்தான் க்ளின்ட் மேப்ரி. தோளில் கிட்டார். உதட்டருகே மைக். கண்கள் கூரையைப் பார்த்தபடி அசையாமல்…

கிட்டார்களை மதிப்பிட்டு வீடியோ போடுபவன் அவன். ‘சுமார்’ என்று அவன் வாயிலிருந்து வந்தால் போதும், நாஷ்வில் கடைகளில் அந்த மாடல் மேல் தூசி படியும். இன்று காலை ஒரே கம்பெனியின் இரண்டு வரிசைகளை ஒப்பிட வந்திருந்தான். ஒன்று, டென்னஸியிலேயே செய்த உள்நாட்டுக் கிட்டார். மற்றது, இந்தோனேஷியாவிலிருந்து கப்பலேறி வந்த இறக்குமதிக் கிட்டார்.

செத்தபோது அவன் தோளில் இருந்தது இறக்குமதி.

டிடெக்டிவ் நோரீன் ஹால்ப்ரூக் வந்து சேர்வதற்குள் முதலாளி பாய்ட் டாட்வைலர் வாசலில் டிவிக்காரர்களுக்குப் பேட்டி கொடுத்து முடித்திருந்தார். துக்கத்தில் இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். புன்னகையை அடக்க அவ்வளவு கஷ்டப்பட்டார்.

“மேடம், கொலைகாரன் யாருன்னு நானே சொல்லிடறேன்.”

“சொல்லுங்க சார். எங்க வேலை மிச்சம்.”

“அந்தக் கிட்டார்தான்.”

சார்ஜென்ட் கோயின்ஸ் கைவிலங்கை எடுத்துப் பார்த்தான். “கழுத்து இருக்கு மேடம். கை இல்லையே. எதுல மாட்டறது?”

பாய்ட் சிரிக்கவில்லை. “நான் சொல்றது கட்டுமானத் தரம். என் கிட்டார்ல கழுத்தும் உடம்பும் சேர்ற இடத்துல ஒரு தாள் நுழையாது. அவளோடதுல பர்ஸையே சொருகி வைக்கலாம். பின்மூடியைக் கழட்டிப் பாருங்க… சாலிடர் வச்சிருக்கிற லட்சணம், யாரோ மூக்கைச் சிந்தினாப்ல இருக்கும். அந்த மாதிரி சாமானை ஒருத்தன் தோள்ல மாட்டினா சாகாம என்ன பண்ணுவான்?”

“யாரோடதுல?”

“என்னோடதுல மேடம்.” பின்னாலிருந்து குரல் வந்தது. “நான் மார்லீன். இவரோட முன்னாள் மனைவி. விவாகரத்துல கோர்ட் உள்நாட்டு வரிசையை இவருக்குக் கொடுத்துச்சு. இறக்குமதியை எனக்கு. ஒரே கட்டடம், தனித்தனி வாசல்.”

“க்ளின்ட் சாகும்போது பக்கத்துல இருந்தீங்களா?”

“கேன்டீன்ல இருந்தேன். காலை டிபன், பிஸ்கட்டும் கிரேவியும். ஊரே பாத்துச்சு.” மார்லீன் பாய்டைப் பார்த்தாள். “போன மாசம் க்ளின்ட் வீடியோவுல என்ன சொன்னான்னு இவரைக் கேளுங்க. கண்ணைக் கட்டிட்டுத் தடவினா எது டென்னஸி, எது இறக்குமதின்னு தெரியலன்னான். விலை மட்டும் அஞ்சுல ஒரு பங்கு. அன்னிக்கே இவருக்குத் தூக்கம் போச்சு.”

“என் தூக்கம் போனது உன் குறட்டையில.”

“அது உன் குறட்டை, பாய்ட். உனக்கு எதையுமே சொந்தம்னு ஒத்துக்கத் தெரியாது.”

நோரீன் இருவரையும் வெளியே அனுப்பினாள். மேடையில் குனிந்திருந்த மின் நிபுணர் தலையைத் தூக்கினார்.

“கிட்டார் ரெண்டும் சுத்தம் மேடம். இடது பக்க ஆம்ப்ளிஃபயர் இருக்கே, அந்த ஆம்ப்பைத்தான் யாரோ தொறந்து கைவச்சிருக்காங்க. அதுல எந்தக் கிட்டாரைச் சொருகினாலும் கம்பியில கரண்ட் நிக்கும். கை கம்பியில, உதடு மைக்ல… முடிஞ்சுது.”

நோரீன் குரலைத் தாழ்த்தினாள். “ஆம்ப் விஷயம் நம்ம மூணு பேரைத் தாண்டக் கூடாது. சத்தமில்லாம எடுத்துட்டுப் போங்க. ஷோரூம்ல இதே மாதிரி இன்னொண்ணு இருக்கும். அதை இங்க வச்சிடுங்க.”

கோயின்ஸ் கைவிலங்கைச் சுழற்றினான். “பாய்டைத் தூக்கிடலாமா? இறக்குமதிக் கிட்டார் மேல பழி விழுந்தா லாபம் அவருக்குத்தான்.”

“தூக்கு.”

பாய்டின் கையில் விலங்கு விழுந்தபோது மார்லீன் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

“கவலைப்படாத பாய்ட். ஜெயில்ல எல்லாமே உள்நாட்டுத் தயாரிப்புதான்.”

*

டெஸ் தன் வேனின் படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கேமரா. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. க்ளின்ட்டின் கேமராக்காரி. வரும் இலையுதிர் காலத்தில் அவன் மனைவியாகியிருக்க வேண்டியவள்.

“மேடையை யார் தயார் பண்ணினது?” நோரீன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மார்லீன். ரெண்டு ஆம்ப் வச்சாங்க. இடது உள்நாட்டுக் கிட்டாருக்கு, வலது இறக்குமதிக்கு.”

“ஆனா க்ளின்ட் இறக்குமதியை இடதுலதானே சொருகியிருந்தான்?”

டெஸ் கேமராவை ஓட்டிக் காட்டினாள். திரையில் க்ளின்ட் உயிரோடு வந்தான். வலது ஆம்ப்பிலிருந்து வயரைப் பிடுங்கி, கேமராவைப் பார்த்துக் கண்ணடித்தான்.

‘ஆளுக்கொரு ஆம்ப் வச்சா அது ஒப்பீடா? ரெண்டுக்கும் ஒரே ஆம்ப். இல்லன்னா எனக்கும் விளம்பரக்காரனுக்கும் என்ன வித்தியாசம்?’

வயர் இடது ஆம்ப்புக்குப் போனது. டெஸ் சட்டென்று கேமராவை அணைத்தாள். அதற்கு மேல் பார்க்க அவளால் முடியவில்லை.

நோரீன் அவள் தோளில் கை வைத்தாள். கை அங்கேயே இருந்தது, மனம் மேடைக்குப் போய்விட்டது.

இறக்குமதி மேல் பழி போட நினைப்பவன் வலது ஆம்ப்பில் கை வைத்திருப்பான். கை வைத்தது இடதில். அப்படியானால் க்ளின்ட் சாக வேண்டியது உள்நாட்டுக் கிட்டாரோடு…

“டெஸ், மார்லீனுக்கும் அவனுக்கும் ஏதாவது தகராறு?”

“முந்தாநேத்து ஃபோன்ல கத்தினாங்க. ஏன்னு கேட்டேன். ‘வேன்ல ரெண்டு கிட்டார் இருக்கு, தடவிப் பாரு, புரியும்’னான். எனக்கு ஒண்ணும் புரியல.”

வேனுக்குள் இரண்டு இறக்குமதிக் கிட்டார்கள். ஒரே மாடல், ஒரே செர்ரி நிறம். ஒன்று, மதிப்பீட்டுக்காக மார்லீன் அனுப்பியது. மற்றது, க்ளின்ட் மெம்பிஸில் ஒரு கடையில் சாதாரண வாடிக்கையாளனாகப் போய் வாங்கியது.

நோரீன் முதல் கிட்டாரின் கழுத்தோரம் விரலை ஓட்டினாள். வெண்ணெய்.

இரண்டாவதில் ஓட்டினாள்.

“ஸ்ஸ்…”

கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளின் முனைகள் ரம்பப் பற்களாக நீட்டிக்கொண்டிருந்தன. விரல் நுனியில் ரத்தம்.

“மேடம், பேண்டேஜ்?” என்றான் கோயின்ஸ்.

“வேணாம். மார்லீனைக் கூப்பிடு.”

*

மார்லீன் மேடைக்கு வந்தபோது முகத்தில் வெற்றி பளபளத்தது.

“பாய்ட் ஒத்துக்கிட்டாரா மேடம்?”

“அவர் கதை இருக்கட்டும். வாசல்ல டிவிக்காரங்க உங்க கிட்டாரைக் கொலைகாரன்னு சொல்லிட்டிருக்காங்க. பாவம். நீங்களே தோள்ல மாட்டி, மைக்ல ரெண்டு வரி பாடிக் காட்டினா அந்தக் கெட்ட பேர் போயிடும்.”

“தாராளமா.”

மார்லீன் கிட்டாரை மாட்டினாள். கோயின்ஸ் வயரை எடுத்து இடது ஆம்ப்பிடம் போனான்.

“அதுல வேணாம்.”

“ஏன்?” என்றாள் நோரீன்.

“அது… என்னோடது வலது.”

“ரெண்டும் ஒரே மாதிரிதானே. சொருகு கோயின்ஸ்.”

வயர் உள்ளே போனது. ‘டப்’ என்று ஒரு சத்தம். மார்லீன் கிட்டாரைக் கழற்றி வீசிவிட்டுப் பின்னால் பாய்ந்தாள். ஆம்ப் அமைதியாக உறுமிக்கொண்டிருந்தது.

“பயப்படாதீங்க. அது புதுசு. பழசு எங்க ஆய்வகத்துல இருக்கு.” நோரீன் கிட்டாரைத் தரையிலிருந்து எடுத்தாள். “இந்நேரம் வரைக்கும் எல்லாரும் கிட்டாரைப் பத்தித்தான் பேசினாங்க. உங்களுக்கு மட்டும் ஆம்ப் மேல எப்படிப் பயம் வந்துச்சு?”

மார்லீன் மேடையிலிருந்து இறங்கப் பார்த்தாள். நோரீன் குறுக்கே நின்றாள்.

“மதிப்பிடறவங்களுக்கு அனுப்பறதை மட்டும் வெளிய கொடுத்து இழைச்சு வழவழன்னு ஆக்கினீங்க. கடைக்குப் போறது ரம்பம். க்ளின்ட் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டான். இன்னிக்கு அதைக் கேமராவுல சொல்லியிருப்பான். அவன் வாயும் மூடணும், பாய்டோட கிட்டார் மேல பழியும் விழணும்… ஒரே ஆம்ப்ல ரெண்டு வேலை.”

“ரெண்டு ஆம்ப் வச்சிருந்தேனே…” மார்லீன் பல்லைக் கடித்தாள். “அந்த மடையன் எதுக்கு இதைக் கொண்டுபோய் அதுல சொருகினான்?”

“ஏன்னா அவனுக்கு ஏமாத்தத் தெரியாது.” கதவருகே நின்றிருந்த டெஸ் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் மார்லீனைப் பார்க்கவேயில்லை.

விலங்கு பாய்டின் கையிலிருந்து மார்லீனின் கைக்கு மாறியது. பாய்ட் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டு, தொப்பியைச் சரி செய்துகொண்டு நோரீன் பின்னாலேயே ஓடி வந்தார்.

“அப்ப டிவியில நீங்களே சொல்லிடுங்க மேடம். கட்டுமானத்துல கோளாறு எதுலன்னு ஜனங்களுக்குத் தெரியட்டும்.”

நோரீன் காரின் கதவைத் திறந்தாள்.

“கொலைக் கேஸ்ல ரெண்டு கிட்டாரும் தேறிடுச்சு சார். ஃபெயிலானது உங்க கல்யாணம்தான்.”