தோல்சாதகம்

கல்யாணத் தரகர் கேட்ட மூன்று சாதகங்களில் இரண்டு தயாராகிவிட்டன: பிறந்த சாதகம், மரபணுச் சாதகம். மிச்சம் தோல்சாதகம். அதற்காகத்தான் பொன்னரசி அன்று காலை தன் அப்பாவின் படநிலையத்தில், கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

அப்பா ஆறுமுகக்கனியைத் தெரியாத கல்யாண வீடு கயத்தாறு வட்டாரத்தில் கிடையாது. புறஊதாப் படம் எடுப்பதில் மனுஷன் கில்லாடி. ஓசோன் மெலிந்து, வெயில் ஆளைத் தின்னத் தொடங்கிய காலத்தில் டாக்டர்கள் கொண்டுவந்த படம் அது. கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியில் முகத்தை எடுத்தால், தோலுக்கு அடியில் வெயில் செய்திருக்கும் சேதமெல்லாம் கரும்புள்ளிகளாகத் தெரியும். புற்றுநோய் கிளம்புவதற்குப் பல வருஷம் முன்பே பிடித்துவிடலாம். உயிர் காக்க வந்த கருவி. நம் ஆட்கள் சும்மா விடுவார்களா? பெண்ணுக்கு எத்தனை புள்ளி என்று எண்ணிப் பார்த்த பிறகே மாப்பிள்ளை வீட்டார் காபித் தம்ளரைத் தொட்டார்கள்.

மேசைமேல் இரண்டு வடிகண்ணாடிகள் இருந்தன. இரண்டும் லென்ஸின் முன்னால் மாட்டுபவை. முதலாவது புறஊதாவை மட்டும் உள்ளே விட்டு, மற்ற ஒளியையெல்லாம் தடுத்துவிடும். இரண்டாவது, அகச்சிவப்பையும் கொஞ்சம் கசியவிடும். அகச்சிவப்பில் எந்தத் தோலும் மெழுகு பூசினாற்போல வழவழவென்று விழும். புள்ளிகள் அதற்குள் மறைந்துவிடும். தொழிலில் அதற்குக் கல்யாணக் கண்ணாடி என்று பெயர். முதல் கண்ணாடியை ஆறுமுகக்கனி உறையிலிருந்து எடுத்தே ஏழு வருஷம் ஆகிறது.

பொன்னரசி ஆறு வருஷமாகச் சூரியத் தகடுகளைப் பழுதுபார்ப்பவள். வெட்டவெளி வேலை.

"அப்பா, நல்ல கண்ணாடியில ஒண்ணு எடுங்களேன். இடது தாடை அடிக்கடி நமநமன்னு ஊறுது. என்னன்னு எனக்காவது தெரியட்டும்."

"ஒனக்கு மட்டும் எப்படித் தெரியும்? எடுக்கிற படத்தையெல்லாம் சர்க்கார் பதிவகத்துல ஏத்தணும்னு சட்டம். சங்கரன்கோவில் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாத்தாங்கன்னா அவ்வளவுதான்."

"அப்ப தெரியாமலே கட்டிக்கிடவா?"

"ஊர்ல எல்லாப் பிள்ளையும் அப்படித்தானளா கட்டிட்டுப் போகுது? தாடையில வேர்க்குருவா இருக்கும்."

சொல்லிவிட்டாரே தவிர, கை முதல் கண்ணாடியின் உறைவரை போனது. அவளைப் பெற்றவர்தானே. பிறகு திரும்பி வந்து மற்றதை எடுத்து மாட்டியது.

படத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது.

பதினோராவது மாதம் தாடையில் ஒரு புண் வந்து, ஆறாமல் நின்றது. பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார்கள். தோல் பிரிவு இருந்த இடத்தில் வண்டிகள் நின்றிருந்தன. புள்ளியே இல்லாத மாவட்டத்துக்குத் தோல் பிரிவு எதற்கு என்று போன வருஷமே மூடிவிட்டார்களாம். 'புள்ளியில்லா மாவட்டம்' என்று படநிலையச் சங்கத்துக்குக் கேடயம்கூடக் கொடுத்தார்கள். அது ஆறுமுகக்கனியின் சுவரில்தான் தொங்குகிறது. வாரம் ஒருமுறை துடைப்பார்.

மதுரையிலிருந்து திரையில் வந்த டாக்டர் நசீமா நிதானமாகத்தான் பேசினார். "பயப்படாதீங்க, இது குணமாகிற கட்டம்தான். ஆனா சிகிச்சைக்கு அனுமதி பதிவகம்தான் தரணும். அங்க இருக்கிற படத்துல இவங்க முகம் சுத்தமா இருக்கு. சரியான கண்ணாடி போட்டுப் புதுசா ஒண்ணு எடுத்து ஏத்துங்க. நாள் கடத்தாதீங்க, ஐயா."

ஆறுமுகக்கனி உறையைப் பிரித்தார். எட்டு வருஷத்தில் முதல்முறையாக ஓர் உண்மையான படம் எடுத்தார்.

திரையில் மகளின் முகம் முழுக்கப் புள்ளிகள். இடது தாடையில் தொடங்கிக் காது வரைக்கும் கரிய திட்டு ஒன்று படர்ந்திருந்தது. பல வருஷத்துச் சேதம். அன்றைக்கே எடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அவர் வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே படத்தை ஏற்றினார்.

பதிவகத்தில் படங்களைப் பார்ப்பது மனிதர்கள் இல்லை, இயந்திர மூளை. மனித முகம் எப்படி இருக்கும் என்று அதற்குக் கற்றுக்கொடுத்தவை நாற்பது லட்சம் தோல்சாதகங்கள். அத்தனையும் ஆறுமுகக்கனி போன்ற கில்லாடிகள் எடுத்தவை.

ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. படம் ஏற்கப்படவில்லை. இயல்பான மனிதத் தோலுடன் பொருந்தவில்லை. வடிகண்ணாடியில் பழுது.

மறுபடி எடுத்தார். அதே பதில். மூன்றாம் முறை, உதவி செய்கிறேன் பேர்வழி என்று, இயந்திர மூளையே எந்தக் கண்ணாடியை மாட்ட வேண்டும் என்பதையும் எண்ணோடு சொன்னது.

பொன்னரசி தாடையில் போட்டிருந்த கட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா சொல்லுது?"

"கல்யாணக் கண்ணாடிய மாட்டச் சொல்லுதும்மா" என்றார் ஆறுமுகக்கனி.