நாலாவது பெட்டி

மழை மாதத்தில் தேன்பெட்டி நிறையாது. பூ கிடையாது, இருக்கிற ஒன்றிரண்டையும் மழை கழுவிவிடும். தேனீக்கள் வாசலில் வந்து வானத்தைப் பார்த்துவிட்டு உள்ளேயே முடங்கிக்கொள்ளும். தேன் வளர்ப்பவன் புகைப்பானைத் துடைத்து வைத்துவிட்டு இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம். பதினோரு வருஷமாக அவன் அப்படித்தான் தூங்கியிருக்கிறான். அதனால்தான், வீட்டின் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லை ஒட்டித் தனியாக நின்ற அந்தப் பெட்டியை, பூஞ்சை ஏதும் பிடித்திருக்கிறதா என்று சும்மா திறந்து பார்த்தவன், அப்படியே நின்றுவிட்டான். தேனுக்காகக் கூட்டின் மேல் ஏற்றிய மேல்பெட்டியில், அடை கட்டத் தொங்கவிட்ட பத்து மரச்சட்டங்களில் எட்டு நிறைந்து, தேனின் மேல் வெள்ளை மெழுகு மூடிக் கிடந்தது.

பத்தில் ஏழு நிறைந்தாலே அடுத்த பெட்டியை மேலே ஏற்றிவிட வேண்டும் என்பது தொழில் கணக்கு. ஆனால் நடுவில் இருந்த நாலு சட்டங்களில் அடை முழுசாக இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் ஓட்டை. எலி கடித்ததென்றால் விளிம்பு பிய்ந்திருக்கும். இது இழைத்து விட்டதுபோல வழுவழுவென்று இருந்தது. தேனீ ஒரு விரற்கடை இடத்தைக்கூட வீணாக விடாது. சட்டங்களை வரிசையாகத் திரும்ப வைத்தபோது ஓட்டைகள் ஒன்றுசேர்ந்து உள்ளே ஒரு குழிவு உண்டானது. இரண்டு கையாலும் ஏந்தினால் எவ்வளவு வருமோ அவ்வளவு. கையை விட்டுப் பார்த்தான். முட்டையில்லை, புழுவில்லை, ஒன்றுமில்லை. ஆனால் கதகதப்பாக இருந்தது. காலியிடத்தை எதற்காகவோ சூடாக்கி வைத்திருந்தன.

கையை எடுத்து முகர்ந்தான். தேன் வாசனை இல்லை. பால்.

"இடம் பத்தல போல. இன்னொண்ணு வைங்க."

திரும்பினான். மனைவி பின்னால் நின்றிருந்தாள். தேனீ என்றாலே நாலு அடி தள்ளி நிற்கிறவள். இரண்டு வருஷமாக "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன்" என்பதற்கு மேல் அவனிடம் பேசாதவள். அவள் வாயிலிருந்து தானாக ஒரு பேச்சு வந்ததே என்கிற சந்தோஷத்தில், மழையையும் மறந்து பாலையும் மறந்து, ஓடிப்போய் இன்னொரு பெட்டியைத் தூக்கிவந்து மேலே வைத்தான். பாவி மனுஷன், வேறென்ன செய்வான்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்கு ஐந்தாம் மாதம். பக்கத்து அறையில் கிடந்த தட்டுமுட்டுச் சாமான்களை எல்லாம் அவளே வெளியேற்றி, சுவருக்கு மஞ்சள் பூச்சு அடித்து, மரக்கட்டில் வாங்கிப் போட்டு, திரை தைத்து மாட்டிவிட்டாள். அவன் வாசலில் சாய்ந்து நின்று சிரித்தான். "நேரத்துக்கு முன்னாடி காலிப்பெட்டியை ஏத்தினா என்ன ஆகும் தெரியுமாடி? கூடு குளிர்ந்துரும். குஞ்செல்லாம் செத்துரும்." விளையாட்டாகத்தான் சொன்னான். அவளும் சிரித்தபடி வண்ணம் தோய்ந்த தூரிகையை அவன் மேல் வீசினாள். ஏழாம் மாதம் குழந்தை பிறந்தது. பெண். அழவில்லை. அதற்குப் பிறகு மூன்று நாள் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு வீடெல்லாம் அந்த வாசனை. நாலாம் நாள் அந்த அறைக்குத் தாழ் போட்டாள். தாழ் போட்டுவிட்டு அவனை ஒரே ஒரு தடவை பார்த்தாள். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று அப்போதே காலில் விழுந்திருக்கலாம். வாய் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

ஒரு வாரத்தில் இரண்டாவது மேல்பெட்டியும் நிறைந்தது. அவள் இப்போதெல்லாம் துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்து, பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்துக்கொண்டிருந்தாள்.

"உக்கார இடம் பத்தலங்க," என்றாள்.

தேனீயைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தான். மூன்றாவதை ஏற்றினான். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு டெய்லர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, மாடி மேல மாடி கட்டுறீங்க? வாடகைக்கு விடுற யோசனையா?" அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த வாரம் அவள் சொன்னாள், "நிக்க இடம் பத்தலங்க. பாவம், குனிஞ்சுகிட்டே நிக்குது."

மூடியைத் திறந்தான். குழிவு இப்போது மூன்று பெட்டிகளிலும் இறங்கியிருந்தது. மேலே உருண்டையாக, பிறகு ஒடுங்கி, பிறகு இரண்டு பக்கமும் அகன்று. தலை. கழுத்து. தோள். மூடியைப் போட்டுவிட்டான்.

"நாலாவது வைங்க."

"வேணாம்."

"ஏன், குளிரும்னு பாக்குறீங்களா?"

கோபமே இல்லாமல் கேட்டாள். அவன் காலிப்பெட்டிகளை எல்லாம் கொட்டகைக்குள் போட்டுப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். இடம் கொடுத்ததால்தானே வளர்ந்தது, கொடுக்காவிட்டால் நின்றுவிடும், அவளும் பெட்டியை விட்டு எழுந்து வீட்டுக்குள் வந்துவிடுவாள் என்று நினைத்தான்.

நேற்றுத் தொழிலுக்கு வந்தவனிடம் சொல்லியிருந்தால்கூடத் தலையில் அடித்துக்கொண்டிருப்பான். இடம் கொடுக்காவிட்டால் தேனீ நின்றுவிடாது. கிளம்பிவிடும். கிளம்புவதற்கு முன்னால் பத்துப்பதினைந்து பேரை அனுப்பி வேறு இடம் பார்க்கும். மூன்றாம் நாள் மத்தியானம் மஞ்சள் அறையின் வென்டிலேட்டரில் பத்துப்பதினைந்து தேனீக்கள் நுழைவதும் வருவதுமாக இருந்ததை அவனே பார்த்தான். மழைக்கு ஒதுங்குகின்றன என்று நினைத்துக்கொண்டான். பதினோரு வருஷ அனுபவம்!

ஐந்தாம் நாள் சாயங்காலம் நாலு மணி இருக்கும். கடைக்குப் போய்விட்டு வந்தான். மழை விட்டிருந்தது. ஓலைக் கொட்டகையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் துவைக்கிற கல்லில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. கல்லில் அவள் இல்லை. பெட்டி வாசலில் ஒரு தேனீ இல்லை. விரல் முட்டியால் பெட்டியைத் தட்டிவிட்டுக் காது கொடுத்தான். எப்போது தட்டினாலும் உள்ளேயிருந்து ஓர் இரைச்சல் எழுந்து அடங்கும். இப்போது எழவில்லை.

மூடியைத் தூக்கினான்.

அடைகள் அப்படியே இருந்தன. தேன் அப்படியே இருந்தது. குனிந்து குழிவுக்குள் பார்த்தான். மடக்கிய முழங்கால் பதிந்த பள்ளம். முழங்கை. கன்னம் சாய்ந்திருந்த இடம். பக்கத்து மெழுகில், வெளியே வர ஊன்றியதுபோல, வரிசையாக ஐந்து சின்னக் குழிகள்.

உள்ளே ஒன்றுமில்லை. சூடு மட்டும் இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்குள் ஓடினான். கூடம் இருட்டாக இருந்தது. பால் வாசனை. பக்கத்து அறையின் தாழ் விலகியிருந்தது. கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே ரீங்காரம். தாழ்வாக. ஒரே சுருதியில்.

"அதோ, அப்பா வந்துட்டாரு பாரு."

கதவைத் தள்ளினான்.

மரக்கட்டிலில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் இருந்தது. தேனீயின் மேல் தேனீ, காலோடு கால் கோத்து, ஆயிரம் ஆயிரமாய். தொங்கிய இரண்டு கால்கள். ஏறி இறங்கும் முதுகு. அவள் தோளில் கவிழ்ந்த தலை. கழுத்தைச் சுற்றி ஒரு கை. உயிரோடு இருந்திருந்தால் இந்த மாதம் இரண்டு வயது. அந்த அளவுதான் இருந்தது.

ஒன்றுகூட அவளைக் கொட்டவில்லை. அவள் முகத்தில் ஐந்தாம் மாதத்துச் சிரிப்பு.

"தெரியாம சொல்லிட்டேன்மா," என்றான். இரண்டு வருஷம் கழித்து, அப்போதுதான் வந்தது. "நான் தெரியாம சொல்லிட்டேன்."

அவள் நிமிரவில்லை. அவள் தோளிலிருந்த தலை மெல்லத் திரும்பியது. கண்ணில்லை. வாயில்லை. அந்தப் பக்கத்துத் தேனீக்கள் மட்டும் சிலிர்த்தன.

"கதவைச் சாத்துங்க," என்றாள். "குளிர் உள்ள வருது பாருங்க."

சாத்தினான். உள்பக்கம் நின்றுகொண்டு சாத்தினான்.

கழுத்தைச் சுற்றியிருந்த கை விலகியது. இரண்டு கையும் அவனை நோக்கி நீண்டன. விரல்கள் விரிந்தன, மடங்கின, மறுபடி விரிந்தன. தூக்கிக்கொள்ளச் சொல்லி.