நல்ல கட்டி

ஓவர்சியருக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது கௌஷிக்கின் விரலில் அந்தக் கட்டி தட்டுப்பட்டது. இடது முன்னங்காலுக்குப் பின்னால், விலா தொடங்கும் இடத்தில், பட்டாணி அளவில் இருந்தது. அழுத்தினால் நழுவியது. ஓவர்சியர் என்பது நாயின் பெயர். குட்டியாக இருந்த காலத்தில் தெருவில் சாக்கடை வேலை நடந்தபோது காலையிலிருந்து மாலை வரை கரையில் நின்று மேற்பார்வை பார்த்ததால் வந்த பெயர். இப்போது அதற்கு வயது முப்பத்து மூன்று.

பயம் வரும் முன்பே கௌஷிக்குக்கு நிம்மதி வந்துவிட்டது. அப்பாடா என்று ஒரு மூச்சு தானாக வெளியே போனது. போன பிறகுதான், எதை நினைத்து இப்படி மூச்சு விட்டோம் என்று உறைத்தது. முகம் சுட்டது. நாய் அவர் கையை நக்கிவிட்டு, முதுகைத் தேய் என்பதுபோலத் திரும்பி நின்றது. தேய்த்தார். கட்டியைப் பற்றி வீட்டுக்குள் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கௌஷிக்குக்கு எழுபத்தாறு வயது, மனைவி தன்ஷிகாவுக்கு எழுபத்து நாலு. கௌஷிக், தன்ஷிகா, பிரஜின் எல்லாம் இப்போது தாத்தா பாட்டிகளின் பெயர்கள். இளசுகள் அதியன், ஓரி என்று இரண்டாயிரம் வருடம் பின்னால் போய்விட்டார்கள்.

ஈரோட்டில் இவர்கள் குடியிருக்கும் வாய்க்கால் வீதியில் இருபது வயதுக்குக் குறைந்த நாயே கிடையாது. எல்லாவற்றின் கழுத்திலும் ஆயுள்விதை இருக்கிறது. அரிசி அளவில் ஒரு குமிழ். தோலுக்கடியில் வைத்துவிட்டால், தேய்ந்துபோகும் செல்களை உட்கார விடாமல் பழுது பார்க்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு வருடத்தில் போக வேண்டிய நாய் நாற்பது வருடம் ஓடும். மனிதர்களுக்கும் வைத்துப் பார்த்தார்கள், வேலைக்காகவில்லை. மனித உடம்பு ஏற்கெனவே தன்னால் ஆன மட்டும் இழுத்துப்பிடித்துத்தான் ஓடுகிறதாம். மேற்கொண்டு இழுக்க அதில் இடமில்லையாம்.

விதை வந்த புதிதில் ஓவர்சியரைத் தூக்கிக்கொண்டு வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றவர் கௌஷிக். அதற்கு முன்னால் வளர்த்த நாய் செத்தபோது மனிதர் ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இன்னொரு நாயைக் குழியில் இறக்க என்னால் ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊரே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நாய் நமக்கு முன்னால் போய்விடக் கூடாது என்பதில்தான் எல்லோருக்கும் குறி. அப்படியானால் நாம்தானே அதற்கு முன்னால் போக வேண்டும் என்பதைக் கண்டுபிடித்தவர்களும் யோசிக்கவில்லை, கைதட்டியவர்களும் யோசிக்கவில்லை.

பிறகு யோசித்தார்கள். பெண் பார்க்கப் போகும் இடத்தில், "பொண்ணுகூட எத்தனை நாய் வருதுங்க?" என்று கேட்கத் தொடங்கினார்கள். விதை வைத்த நாய் ஒவ்வொன்றுக்கும், வளர்ப்பவர் இறந்தால் ஏற்றுக்கொள்ள ஒரு பின்காப்பாளர் வேண்டும் என்று சட்டம் வந்தது. பிள்ளைகள் கையை விரித்துவிட்டார்கள். ஓசூரில் இருக்கும் மகள் மிருதுளாவை ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தார் கௌஷிக்.

"அப்பா, எங்க மாமனார் வழியில ஏற்கெனவே ரெண்டு வந்திருக்குது. மூணாவது வந்தா நான் வெளிய போய்த்தான் படுக்கோணும்," என்றாள் அவள். அவள் மேல் குற்றம் சொல்ல முடியாது. குரலே களைத்திருந்தது.

கடைசியில் வாய்க்கால் வீதிக்காரர்கள் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் கூடித் தங்களுக்குள்ளேயே முடித்துக்கொண்டார்கள். உன் நாய்க்கு நான், என் நாய்க்கு அவர், அவர் நாய்க்கு இவர். காபி குடித்துவிட்டுத் திருப்தியாகக் கலைந்தார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் தன்ஷிகாவுக்கு உறைத்தது. "ஏனுங்க, அங்க இருந்தவங்க அத்தனை பேரும் நம்ம வயசுதானுங்களே. அப்பக் கடைசியா நிக்கறவங்க வீட்டுக்கு எல்லா நாயும் வந்துருமே?" கௌஷிக் ஒற்றைச் செருப்போடு நின்றுவிட்டார். அவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

அப்படி வந்த நாய்தான் மிட்டாய். எதிர்வீட்டுப் பிரஜின் இறந்தபோது சட்டப்படி இவர்களிடம் வந்தது. வந்த நாளிலிருந்து வெளிக்கதவுக்கு அருகில் படுத்து, கம்பி இடுக்கு வழியாக எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறது. சோறு வைத்தால் ஆள் நகர்ந்த பிறகு தின்னும். தெருவில் ஏதாவது வண்டி வந்து நின்றால் தலையைத் தூக்கும். இறங்குகிறவர் முகத்தைப் பார்க்கும். பிறகு தலையை மறுபடி தரையில் வைத்துவிடும். விதை அதன் எலும்பையும் ஈரலையும் புதிதாகவே வைத்திருக்கிறது. ஞாபகத்தையும் அப்படியே வைத்திருக்கிறது.

கௌஷிக்குக்கு இதயத்தில் இரண்டு இடத்தில் வலைக்குழாய் வைத்திருக்கிறது. தன்ஷிகாவுக்கு முட்டி இரண்டும் போய்விட்டது. மிட்டாயைத் தாண்டித்தான் இருவரும் தினமும் வெளியே போய் வரவேண்டும். தாண்டும்போது கௌஷிக் கீழே பார்ப்பதில்லை. அந்த இடத்தில் ஓவர்சியர் படுத்திருப்பதுபோலத் தோன்றிவிடும்.

கட்டி தட்டுப்பட்டதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வெயிலில் படுத்திருந்த ஓவர்சியருக்குத் தன்ஷிகா உண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள். கௌஷிக் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சும்மா தடவிக்கொடுப்பதுபோல விலாப் பக்கம் கையைக் கொண்டுபோனார். அங்கே ஏற்கெனவே அவள் விரல் இருந்தது. இருவரும் கையை எடுக்கவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

"போன மாசமே தெரியுமுங்க. அப்பக் கடுகாட்டம் இருந்துச்சு."

"ஏஞ் சொல்லல?"

தன்ஷிகா சீப்பைக் கீழே வைத்தாள். "சொன்னா ஆஸ்பத்திரிக்குப் போகோணும். போனா ஊசியப் போட்டுக் கரைச்சுருவாங்க. இப்பத்தான் புத்துநோயெல்லாம் ஒண்ணுமில்லாமப் போச்சே." கொஞ்ச நேரம் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். "நாம இருக்கறப்பவே அதுவும் நம்ம கையில போயிருச்சுன்னா நல்லதுன்னு தோணுச்சுங்க. பாவிதான் நான். என்ன பண்றது, தோணுச்சு."

"எனக்குந்தான் தோணுச்சு," என்றார் கௌஷிக். அதைச் சொல்லிவிட்ட பிறகு அவருக்கு அழுகை வந்தது. அவளும் அழுதாள். இரண்டு பேரும் ஏன் அழுகிறார்கள் என்று புரியாமல் ஓவர்சியர் எழுந்து ஆளுக்கொரு முறை முகத்தை நக்கியது.

ஆனால் தெரிந்துகொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை. வலிக்குமோ என்ற பயம் வந்துவிட்டது. போகிறது சரி, வலியோடு போகக் கூடாதே. திங்கட்கிழமை காலையில் தானோடியை வரவழைத்து, பின்சீட்டில் நாயைப் படுக்கவைத்துக்கொண்டு பெருந்துறை சாலையில் இருக்கும் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஓட்டுநர் இல்லாத அந்த வண்டி ஒவ்வொரு வேகத்தடைக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனது.

டாக்டர் அதியனுக்கு முப்பது வயது இருக்கும். ஓவர்சியரைவிடச் சின்னவர். ஊடுநோக்கியை நாயின் விலாமேல் வைத்தார். சுவர்த்திரையில் கட்டி பூசணிக்காய் அளவில் தெரிந்தது. உள்ளே மெல்லிய நரம்புகள் பின்னிக்கொண்டு துடித்தன. டாக்டர் ஒருமுறை பார்த்தார், கருவியை நகர்த்தி இன்னொரு முறை பார்த்தார், சிரித்துவிட்டார்.

"பயப்படாதீங்க அய்யா. இது நல்ல கட்டி."

"நல்ல கட்டின்னா?"

"இத்தனை வருசமா விதை செஞ்ச வேலையை உடம்பே கத்துக்கிச்சுங்க. தனக்குன்னு ஒரு சுரப்பி வளத்துக்கிச்சு. ரொம்ப வருசம் விதையோட இருந்த நாய்ங்களுக்கு இப்பத்தான் இப்படி வருது. விதை ஒரு நாள் தீந்துபோகும், இது தீராது." நாயின் வாயைத் திறந்து பற்களைக் காட்டினார். "பாருங்க, பல்லெல்லாம் புதுசு மாதிரி. இன்னும் முப்பது வருசம் கல்லாட்டம் இருப்பாரு உங்க ஓவர்சியர்."

அவர் வாழ்த்துச் சொல்வதற்காகக் கையை நீட்டினார். கௌஷிக் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தன்ஷிகா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். டாக்டர் கையை மெதுவாக மடக்கிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். இந்த மாதிரி முகங்களை அவர் இதற்கு முன்பும் பார்த்திருக்க வேண்டும்.

"பின்காப்பாளர் யாருங்க?" என்று கேட்டார்.

"எங்க வீதியில ஒருத்தர்," என்றார் கௌஷிக். "எம்பத்தொண்ணு ஆகுதுங்க அவருக்கு."

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். தன்ஷிகாதான் கேட்டாள். "தம்பி, அந்தக் கட்டிய எடுத்துட்டா?"

"எடுக்கலாமுங்கம்மா. சட்டத்துல தடையில்லை. கட்டியையும் விதையையும் சேத்து எடுத்தா, விதையில்லாத காலத்து நாய் மாதிரி ஆயிரும். ரெண்டு வருசம், மிஞ்சினா மூணு. வலியெல்லாம் இருக்காது. மெதுவா வயசாகும், ஒரு நாள் தூங்கிரும்."

"ரெண்டு மூணு வருசம் நாங்க இருப்போமுங்க," என்றாள் தன்ஷிகா. "அது வரைக்கும் எப்படியாச்சும் தாட்டிருவோம். அப்பறம் யாரையும் எதிர்பாத்துட்டுக் கதவுகிட்டக் கெடக்க வேண்டாமல்ல."

"வேணுமுன்னா வியாழக்கிழமையே வெச்சுக்கலாமுங்க." டாக்டர் தயங்கினார். "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இதக் கேக்காதவங்க கம்மி. வாரத்துல நாலு பேராவது கேக்கறாங்க. நானும் நாள் குறிச்சுக் குடுக்கறேன். இது வரைக்கும் ஒருத்தரும் வந்ததில்லீங்க."

"நாங்க வருவோம்," என்றார் கௌஷிக். குரல் உறுதியாகத்தான் இருந்தது.

வெளியே காத்திருப்புக் கூடத்தில் நாலைந்து வயதானவர்கள் ஆளுக்கொரு நாயோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மா தன் நாயின் விலாவில் கை வைத்திருந்தாள். "என்னங்க சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"நல்ல கட்டியாமுங்க. இன்னும் முப்பது வருசம் இருக்குமாம்," என்றாள் தன்ஷிகா.

அந்த அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. எழுந்து வந்து, சாவு வீட்டில் பிடிப்பதுபோலத் தன்ஷிகாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பிறகு போய்த் தன் நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து முறை வருவதற்காகக் காத்திருந்தாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஓவர்சியர் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வந்தது. சாலையோரம் ஒரு இடத்தில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். வண்டி கடந்து போன பிறகும் கழுத்தைத் திருப்பி, வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்தது. தன்ஷிகாவுக்குச் சிரிப்பு வந்தது. கௌஷிக்கும் சிரித்தார்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. கம்பிக்குப் பின்னால் மிட்டாய் தலையைத் தூக்கியது. கண்ணாடி வழியாகக் கௌஷிக்கின் முகத்தைப் பார்த்தது, தன்ஷிகாவின் முகத்தைப் பார்த்தது. பிறகு தலையைத் தரையில் வைத்துக்கொண்டது. வண்டிக்குள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கௌஷிக்கின் கை ஓவர்சியரின் விலாவில், கட்டியின் மேல் இருந்தது.

"வியாழக்கிழமைதானுங்களே?" என்றாள் தன்ஷிகா.

"வியாழக்கிழமைதான்."

இறங்கச் சொல்லி வண்டி ஒருமுறை பணிவாகக் கேட்டது. இருவரும் இறங்கவில்லை.

"அன்னைக்கு மழைன்னு சொன்னாங்களே," என்றார் கௌஷிக்.

தன்ஷிகா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "ஆமாங்க," என்றாள். "மழையில நனைஞ்சா இவனுக்கு ஆகாது."

"ஆகாது. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

அந்த வாரம் முழுக்க ஈரோட்டில் ஒரு சொட்டு மழை கிடையாது என்று வானறிவி காலையிலேயே சொல்லியிருந்தது. வானறிவி தவறாகச் சொல்லிப் பல வருடம் ஆகிறது. காபி குடித்துக்கொண்டே இருவரும் சேர்ந்துதான் அதைக் கேட்டார்கள்.