ஆள் வருது

மணிமொழி உட்கார்ந்தபோது நாற்காலி சூடாக இருந்தது. அப்போதுதான் யாரோ எழுந்து போன சூடு. அலுவலகத்தைக் காலையில் திறந்ததே அவளும் கூட வேலை பார்க்கும் அமிர்தம் அக்காவும்தான். வெயில் இன்னும் அந்த ஜன்னல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கடுக்காயும் புளியும் வாங்கி விற்கும் மண்டி அது, கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவின் கடைசியில். நேற்றுவரை டைப் மெஷினோடு அவள் உட்கார்ந்தது வாசலோரத்து முக்காலியில். இப்போது ஏழு மாதம். இதற்கு முன் இரண்டு கரு தங்கவில்லை. முதுகுக்குச் சாய்மானம் இல்லாமல் இனி உட்காராதே, இதுவும் போய்விடும் என்று டாக்டரம்மா அடித்துச் சொல்லிவிட்டார். முதலாளியிடம் கேட்டதற்கு, "எந்த சீட்டு தோதோ அதுல உக்காரும்மா" என்றார்.

தோதான சீட்டு ஒன்றே ஒன்றுதான். முழங்கை மடங்கும் உயரத்தில் மேஜை, இடப்பக்கம் வெளிச்சம், தலைக்கு மேல் ஃபேன், கைவைத்த பிரம்பு நாற்காலி. அதில் ஒரு வருடமாக ஒரு சிவப்புக் கரைத் துண்டு கிடந்தது. பில் போடும் வேடியப்பனுடையது. இட ஒதுக்கீடு கேட்டுப் போன வருடம் நடந்த மறியலை வேடிக்கை பார்க்கக் கிளம்பியவர், பஸ்ஸில் இடம் பிடிப்பது போல நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டுப் போனார். சாலைக்குக் குறுக்கே போட வெட்டிய புளியமரம் அவர் மேலேயே சாய்ந்தது.

"அத்த எடுக்காத மணி. ஆள் வருதுன்னு போட்டுட்டுப் போன துண்டு" என்றாள் அமிர்தம்.

"செத்தவருக்கு இன்னாத்துக்குக்கா சீட்டு? எனுக்குதான் இப்ப வோணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பஸ்ஸில் அடுத்தவர் துண்டைத் தள்ளினால் அடிதடியே வரும். இங்கே கேட்க யார் இருக்கிறார்கள்? மடித்து ஜன்னலில் வைத்தாள்.

மதியம் அது நாற்காலிக் கையில் கிடந்தது. அக்காவின் விளையாட்டு என்று எரிச்சலோடு எடுத்துப் புளி மூட்டைமேல் வீசினாள்.

ஆனால் என்ன சுகம்! மாதக்கணக்காகப் பிடுங்கி எடுத்த இடுப்பு வலி, போன இடம் தெரியவில்லை. நோகிற இடமாகப் பார்த்துச் சாய்மானம் தானே வந்து தாங்கியது. இது தங்கிவிடும், இந்தப் பிள்ளை தங்கிவிடும் என்று நினைத்ததும் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

வெளியே இந்த வருடத்து மறியல், ஒரு வாரம் என்று அறிவித்திருந்தார்கள். பஸ் இல்லை, ஹாரன் இல்லை. சங்கராபுரம் சாலைப் பக்கமிருந்து கோடாரி விழும் சத்தம் மட்டும் நாளெல்லாம் வந்துகொண்டிருந்தது. அந்தி மயங்கும்போது அமிர்தம் நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். சைக்கிளில் வரும் கணவன் சின்னதுரைக்காக மணிமொழி காத்திருந்தாள். மூட்டைகளின் புளிப்பு வாசனைக்குள் பச்சை மரம் பிளந்த வாசனையும், அதற்கடியில் பழைய வியர்வை நெடியும் மெல்லப் பரவின.

கரண்ட் போனது. ஃபேன் சுற்றி ஓய்ந்தது.

பிடரியில் காற்று மட்டும் நிற்கவில்லை. விட்டு விட்டு வந்தது. வெதுவெதுப்பாக.

பிரம்பு இவ்வளவு மெத்தென்று இருக்காதே.

கையால் கீழே தடவினாள். வேட்டி. அதற்குள் தொடை. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

நாள் முழுக்க அவள் ஒரு மடியில் உட்கார்ந்திருந்தாள்.

எழ முயன்றாள். முடியவில்லை. கத்தினாள். வாய் திறந்தது, அவ்வளவுதான். அவள் முதுகு ஒரு நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது.

பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்தன. மண் அப்பிய நகங்கள். அவசரமே இல்லை. சிவப்புக் கரைத் துண்டை உதறி விரித்து, அவள் வயிற்றின்மேல் பதமாகப் போட்டு, சுருக்கம் நீவின.

"ஆள் வருது" என்றது காதோரம் ஒரு குரல், மரியாதையாக. பிறகு அவளிடம் அல்லாமல், கீழே குனிந்து, "கொஞ்சம் ஒதுங்கிக்க கண்ணு."

சைக்கிள் மணி. ஜன்னல் கம்பியில் சின்னதுரையின் முகம். அரையிருட்டில் அவளைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"பரவால்லையே, நல்லா தோதாத்தான் சாஞ்சிகினுக்கற. போத்திக்கினு வேற."

துண்டுக்கடியில் குழந்தை மெதுவாகப் புரண்டு, ஒரு ஓரமாக ஒதுங்கி, இடம் விட்டது.