உபவாசம் யாருக்கு?

விடிந்தும் விடியாத நேரம். சூடான சோளக் கஞ்சியோடு ஜிஃபா மாமரத்தடிக்கு வந்தாள். அங்கே அவள் கொழுந்தன் செலோர்ம் காலில் சங்கிலியோடு சுருண்டு கிடந்தான். யாருமில்லாத இடத்தில் குரல்கள் கேட்பதாக அவன் சொல்லத் தொடங்கியதிலிருந்து அந்த மரம்தான் அவனுக்கு வீடு.

"அடிப்பாவி! பட்டினி போட்டாத்தான் பிசாசு ஓடும்னு போதகர் சொல்லியிருக்காரு... திருட்டுத்தனமா ஊட்டுறியா?" வாசலிலிருந்து மாமியார் அலறினாள். "என் புள்ளை குணமாகாததுக்கு நீதான்டி காரணம்!"

கணவன் மாவுலி ஓடி வந்தான். "கிண்ணத்தைக் கீழே வை. இல்லேன்னா உன் அம்மா வீட்டுக்குக் கிளம்பு!"

"வைக்க மாட்டேன்! உபவாசம்னு நர்ஸ் குடுத்த மாத்திரையையும் நிறுத்திட்டீங்க. புள்ளை மறுபடியும் மரத்தோட பேசுது..." ஜிஃபா செலோர்மின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். "என்னையும் இதே சங்கிலியில கட்டுங்க. அப்புறம் அனுப்பறதைப் பத்திப் பேசலாம்!"

வேலிப் படலை திறந்தது. முந்தின நாள் ஜிஃபா அழுதுகொண்டே போய் முறையிட்டிருந்த அதே போதகர் வந்தார். கூடவே நர்ஸ் அக்பெனே. ஆராதனை முடிந்ததும் மனநோயைப் பற்றிச் சபையில் பாடம் எடுப்பவள் அவள். இப்போதெல்லாம் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பவர் போதகர்.

"அம்மா, உபவாசம் சொன்னது நான்தான். அறியாம சொல்லிட்டேன்," என்றார் போதகர். "இனிமே உபவாசம் நமக்கு. சாப்பாடு அவனுக்கு. நான் ஜெபிக்கிறேன், இவங்க மருந்து தருவாங்க. ரெண்டும் ஒரே ஆண்டவர் குடுத்ததுதான்."

"தெளிஞ்சதும் இவனுக்குத் தச்சு வேலை கத்துக்குடுக்கவும் ஆள் பாத்திருக்கோம்," என்றாள் அக்பெனே.

"ஊரு சிரிக்குமே ஐயா..." என்று மாமியார் இழுத்தாள்.

"ஊருக்கும் நர்ஸ் பாடம் இருக்கு அத்தை. சிரிக்கிறவங்களை வந்து உக்காரச் சொல்லுங்க!" என்றாள் ஜிஃபா.

மாமியார் இடுப்பு முடிச்சிலிருந்து சாவியை எடுத்தாள். பூட்டு கழன்று விழுந்ததும் மகனின் புண்ணான கணுக்காலைப் பார்த்து, "என் கையாலயே..." என்று உடைந்து போனாள். ஜிஃபா சங்கிலியைச் சுருட்டி எடுத்துப் போய்க் கழிப்பறைக் குழிக்குள் போட்டாள். யாரும் தடுக்கவில்லை.

திரும்பி வந்து செலோர்முக்குக் கஞ்சியை ஊட்டினாள். அவன் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தான்.

"அண்ணி... சர்க்கரை பத்தல."

மாவுலி அடுப்படிக்கு ஓடினான். "என்னை மன்னிச்சிடுடி, மகளே!" என்று மாமியார் ஜிஃபாவைக் கட்டிக்கொண்டாள். அழுகைக்கு நடுவே இருவருக்கும் சிரிப்பும் வந்தது.