அறுபதில் வரும் அண்ணன்

"வீல்ல்ல்...!"

ஹெல்மெட்டுக்குள்ளேயே அலறினாள் அவள்.

ஸ்பீடோமீட்டர் முள் அறுபதைத் தொட்டதும்... வந்துவிட்டான்! பின் சீட்டில் அண்ணன்!

பெட்ரோல் டேங்க் அதிர்ந்தது. கைப்பிடியில் விரல்கள் மரத்துப் போயின. பின்னாலிருந்து யாரோ தோள்களைப் பிடித்து உலுக்குவது போல்... கண்ணாடியில் ஒரு முகம் கலங்கி, இரண்டாகி, நான்காகி...

அவள் முகமா? அவன் முகமா?

வேகத்தைக் குறைத்தாள். நடுக்கம் நின்றது. தோள் லேசானது.

இதே பைக். இதே வளைவு. செயின் கழன்று, பின் சக்கரம் பூட்டிக்கொண்டு, அண்ணன் தூக்கி வீசப்பட்ட இடம்.

'அதிவேகம்' என்று எழுதி ஃபைலை மூடி, செயினை மட்டும் மாட்டி வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டது போலீஸ்.

அதிவேகமா? பால் பாக்கெட் வாங்கப் போகிறவன் மாதிரி உருட்டுகிறவன் அவன்!

பட்டறைக்குத் திருப்பினாள்.

அண்ணன் வேலை பார்த்த பட்டறை. முதலாளிக்குப் பெயர் 'டாக்டர்'. ஸ்க்ரூ டிரைவரை எஞ்சினில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்து நோய் சொல்வார்.

"டாக்டர் அண்ணே... அவன் போகலைண்ணே. வண்டியிலதான் இருக்கான்..."

குரல் உடைந்தது.

"அட, அழாத பாப்பா! இதுக்குத்தான் வித்துடுன்னு தலைப்பாடா அடிச்சுக்கறேன். நானே எடுத்துக்கறேன். அம்மா நிம்மதியா தூங்கட்டும்."

"விக்க மாட்டேன். இது ஏன் நடுங்குதுன்னு சொல்லுங்க."

ஓட்டை ஸ்கூட்டரோடு ஓரமாய்க் காத்திருந்த வழுக்கைத் தலைக்காரர் கொட்டாவி விட்டார்.

"எனக்குக்கூடத்தான் கல்யாணத்தன்னிக்கு நடுங்குச்சு. அதுக்காக வித்துட்டாங்களா?"

டாக்டர் முறைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"ஓடும்போதே கிளட்ச்சைப் பிடிச்சு, ஆக்ஸிலேட்டரை விட்டுப் பாத்தியா?"

"பாத்தேன். வண்டி அதே வேகத்துல உருண்டுச்சு. ஆனா நடுக்கம் நின்னுடுச்சு."

"அப்ப சக்கரத்துல கோளாறு இல்ல. எஞ்சின் பக்கம்."

"எஞ்சினைத் தாங்குற போல்ட் லூஸா இருக்குமோ?"

டாக்டர் சிரித்தார். குனிந்து காட்டினார்.

ஒவ்வொரு போல்ட் தலையிலும் சிவப்பாய் ஒரு கோடு. போல்ட்டில் தொடங்கி, சட்டத்தில் முடிந்தது. நெயில் பாலிஷ்!

"உங்கண்ணன் பழக்கம். முறுக்கினதும் கோடு போட்டுடுவான். போல்ட் திரும்பினா கோடு விலகிடும். தினமும் காலையில கோட்டைப் பாத்துட்டுதான் வண்டியை எடுப்பான். எனக்கு அந்தப் பொம்பளை வேலையெல்லாம் கிடையாது!"

"எதுவும் விலகலையே..."

"அதான் சொல்றேன். எல்லாம் டைட். உன் மனசுதான் லூஸ்!"

"எதுக்கும் ஸ்பேனர் வச்சுப் பாருங்கண்ணே..."

"கோடு நேரா இருக்கிறப்ப ஸ்பேனர் எதுக்கு?"

குரலில் சட்டென்று ஒரு எரிச்சல்!

வழுக்கைத் தலைக்காரர் எழுந்தார். ஸ்பேனரை எடுத்துப் பின்பக்க போல்ட்டில் மாட்டினார்.

லேசாய்த் தட்டியதற்கே... சுற்றியது!

"அட! கோடு நேரா இருக்கு... போல்ட் ஆடுதே!"

அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது.

யாரோ போல்ட்டைத் தளர்த்திவிட்டு... பழைய கோட்டைச் சுரண்டிவிட்டு... புதுக் கோடு போட்டிருக்கிறார்கள்! கோட்டை நம்பி வண்டியை எடுத்திருக்கிறான் அண்ணன். எஞ்சின் நகர்ந்திருக்கிறது. செயின் தொய்ந்து கழன்றிருக்கிறது!

"அவனே மறதியா..." டாக்டர் இழுத்தார்.

"டார்ச் குடுங்க," என்றாள் அவள்.

அவர் அசையவில்லை. வழுக்கைத் தலைக்காரரே மேஜை டிராயரை இழுத்து டார்ச்சை எடுத்து அடித்தார்.

முதல் போல்ட்... கோடு மினுமினுத்தது. அடுத்ததும். அதற்கடுத்ததும்.

பின்பக்க போல்ட்?

வெறும் சிவப்பு!

"அண்ணன் எடுத்துட்டுப் போனது என் நெயில் பாலிஷ் பாட்டில்ண்ணே," அவள் அந்தக் கோட்டைக் காட்டினாள். "ஜிகினா கலந்தது. திருப்பித் தரலைன்னு சண்டை போட்டேன். இந்தக் கோடு அவன் போட்டதில்ல!"

திறந்திருந்த டிராயருக்குள் ஏதோ உருண்டது.

சின்னக் கண்ணாடி பாட்டில். சிவப்பு. ஜிகினா இல்லை!

"பொம்பளை வேலைன்னீங்களே டாக்டர்?" வழுக்கைத் தலைக்காரர் அதைக் கைக்குட்டையால் எடுத்தார். "திருட்டு எஞ்சினுக்கு நீங்க நம்பர் மாத்தறதைச் சொல்ல, அந்தப் பையன் அன்னிக்கு என்னைப் பாக்கத்தான் வந்துட்டிருந்தான். வந்து சேரல."

"நீ... நீங்க யாரு?"

"இன்ஸ்பெக்டர். ஸ்கூட்டர் நல்லாத்தான் ஓடுது. சைரன் மாட்டத்தான் இடம் இல்ல."

"சார்... அவன் வாயை மூடிட்டு இருந்திருந்தா நான் ஏன்..."

டாக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ரொம்பத் தாமதம்!

"நேத்து ராத்திரி பாப்பா ஸ்டேஷனுக்குப் போன் பண்ணி அழுதுச்சு, அண்ணன் உலுக்கறான்னு. பேய் எங்க டிபார்ட்மென்ட் இல்ல. ஆனா சும்மா யாரும் உலுக்க மாட்டாங்களே!"

போட்டோ எடுத்து முடித்த பிறகே அந்த போல்ட்டை முறுக்கினார் இன்ஸ்பெக்டர். அவள் எஞ்சினைக் கிளப்பி, ஆக்ஸிலேட்டரை முறுக்கினாள். உறுமியது. அதிரவில்லை.

கண்ணாடியில் ஒரே முகம். பின் சீட் காலி.

நிம்மதிப்பட வேண்டியவள், அப்போதுதான் விம்மி விம்மி அழுதாள்.

டாக்டர் கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார்.

க்ளிக்!

"பயப்படாதீங்க டாக்டர். இதுக்குக் கோடெல்லாம் போட வேணாம்... தளராது!"